‘சிட்டி’ என்பது சாதிப் பெயரா?

சிராங்கூன் சாலையிலிருந்து ஜாலான் புசார் நோக்கி, கம்போங் கப்போர் வட்டாரத்தின் குறுக்குத் தெருக்களில் நடப்பவர்கள் ‘சிட்டி ரோடு’ என்னும் பெயர்ப்பலகையைக் கண்டிருக்கக் கூடும். கண்டவர்களும் பெரும்பாலும் நின்று பார்ப்பதில்லை. பிள்ளைகளிடம் கேட்டால், ‘நகரம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் என்பார்கள். பெரியவர்களிடம் கேட்டால், “அது நம் செட்டியார்தான், வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டது” என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

சாலை இருக்கட்டும். இதே சொல்லைக் குடும்பப் பெயராகத் தாங்கிய மனிதர்களும் இந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். ஆகையால்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒன்று வகுப்புக்கு வரும்போது நாம் தடுமாறுகிறோம். 2010இல் ‘எந்திரன்’ படம் வந்த பிறகு மாணவர்களுக்குச் சிட்டி என்றால் இயந்திர மனிதன், சிரிப்பார்கள். ஆசிரியர் அறையிலோ, “செட்டியார் வீட்டுப் பிள்ளையா?” என்னும் வினா எழும். பிறகு, “பெயரில் மட்டும் தமிழ் இருக்கிறது, வாயில் இல்லையே!” என்னும் குறை. இக்குறையை நான் பெற்றோர் சிலரிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். சொல்பவர் விளையாட்டாகச் சொல்லலாம். கேட்கும் குழந்தைக்கு அது விளையாட்டன்று. எனவே இப்பெயரின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது நம் தொழிலுக்கு வேண்டிய ஒன்று என்று கருதுகிறேன்.

முதலில் ஒன்றை நினைவிற்கொள்வோம். தமிழர்களாகிய நமக்கு, சீனருக்கும் ஆங்கிலேயருக்கும் இருப்பது போன்ற குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தையின் பெயர் நமக்கு முதலெழுத்தாகிறது. நம் பெயர் நம் பிள்ளைகளுக்கு முதலெழுத்தாகிறது. தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிக்கொண்டே இருக்கும். நம் முன்னாள் அமைச்சர் எஸ். இராஜரத்தினம் அவர்களின் பெயரில் உள்ள ‘எஸ்’, அவருடைய தந்தையார் சின்னத்தம்பியைக் குறிப்பது, குடும்பப் பெயரன்று. படிவங்களில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் போட்டுவிடுகிறார்கள். அதில் எதை எழுதுவது என்று விழிக்காத தமிழ்ப் பெற்றோர் உண்டோ? இப்படிப்பட்ட நம்மிடையே, பல தலைமுறையாக மாறாமல் வரும் ஒரு பின்னொட்டுப் பெயர் இருந்தால் அது உடனே கண்ணில் படுகிறது. பட்டதும் அதைச் சாதியோடு சேர்த்து எண்ணிவிடுகிறோம்.

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘சிட்டி’யின் மூலம் ‘செட்டி’ என்பதில் ஐயமில்லை. செட்டி என்றால் வணிகன். வடமொழியில் ‘சிரேஷ்டி’ என்றால் தலைமை வணிகன். பாலி மொழியில் அது ‘சேட்டி’. வடநாட்டுச் ‘சேட்’டும், கன்னட, துளு நாடுகளின் ‘ஷெட்டி’யும் இச்சொல்லின் உறவுகளே. பண்டைத் தமிழகத்தில் அரசர்கள் வணிகருக்கு ‘எட்டி’ என்னும் பட்டம் அளித்தனர்; அதிலிருந்தே செட்டி பிறந்தது என்று கருதும் தமிழறிஞரும் உளர். எப்பக்கம் நின்றாலும் பொருள் ஒன்றே: வணிகருள் சிறந்தவன். பிறப்பால் வந்த பெயராக அது இறுகுவதற்கு முன், தொழிலால் வந்த பெயராக இருந்தது. சிக்கனத்தைச் ‘செட்டு’ என்று நாம் இன்றும் சொல்கிறோமல்லவா?

இடையில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்திலும் சிட்டி என்றொரு குடும்பப் பெயர் உண்டு. ஆங்கில எழுத்துகளும் அவையே. ஜோசப் சிட்டி என்பவர் ஒப்பந்தச் சட்டம் பற்றி எழுதிய நூல் 1826இல் வெளிவந்தது. பதிப்பு மேல் பதிப்பாகப் புதுக்கப்பட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. சிங்கப்பூர் வழக்குரைஞர்களும் அதை அறிவர். ஆனால் அந்தச் சிட்டி, ‘விலங்கின் குட்டி’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பட்டப் பெயர். நம் சிட்டிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. எழுத்து ஒன்றானால் வேரும் ஒன்றாகிவிடாது என்று மாணவர்க்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

தமிழ் வணிகர் கடல் கடந்தது புதிய செய்தியன்று. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் ‘அவனி நாரணம்’ என்னும் குளத்தையும் குறிக்கிறது. சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்கா பெருந்துறைமுகமாக எழுந்தபோது, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களுக்கு அது புதிய திசையாக இருக்கவில்லை. பழகிய கடலில் ஒரு புதிய சந்தை, அவ்வளவே. காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் சிலர் தங்கினர். தங்கியவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். சிட்டி மக்களின் தொடக்கம் இதுதான்.

அக்கால மலாக்காவில் அவர்களுடைய செல்வாக்கு சிறியதன்று. மலாய் வரலாற்று நூலான ‘செஜாரா மெலாயு’வில் ராஜா முதலியார் என்னும் துறைமுகத் தலைவரும், நைனா சூரதேவன் என்னும் பெருவணிகரும் வருகிறார்கள். அவ்விருவருக்கும் இடையே மூண்ட வழக்கு அரண்மனைவரை சென்று, கடைசியில் பெண்டஹாரா துன் முத்தாகிரின் உயிரையே வாங்கியதாக அந்நூல் கூறுகிறது. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தனர். அவர்கள் ‘நினா சத்து’ என்று எழுதிவைத்திருக்கும் தமிழ் வணிகரைத் தமக்குத் துணைநின்றமைக்காகப் பெண்டஹாராவாக அமர்த்தினர். 1514இல் அப்பதவியைப் பறித்து, கம்பார் நாட்டு அரசருக்குக் கொடுக்க முடிவு செய்தனர். மானம் பொறாத அவ்வணிகர் தீ வளர்த்து அதில் இறங்கி உயிர் நீத்தார்.

அதே போர்த்துகீசியர் ‘செட்டி’ என்னும் சொல்லைத் தம் மொழிக்குள்ளேயே எடுத்துக்கொண்டனர் என்பதைப் பலர் அறியார். அவர்கள் வாயில் அது ‘சட்டிம்’ ஆகி, வணிகன் என்று பொருள் தந்தது. அதிலிருந்து வாணிகம் செய்வதைக் குறிக்கும் வினைச்சொல் ஒன்றும் பிறந்தது. சற்றே இகழ்ச்சி கலந்த சொல். ஆதாயத்தில் குறியாக இருப்பவன் என்று நம்மை அவர்கள் கருதினார்கள் போலும். ஆதாயம் தேடாமலா அவர்கள் லிஸ்பனிலிருந்து புறப்பட்டு வந்தார்கள்!

1641இல் மலாக்கா டச்சுக்காரர் கைக்கு மாறியது. அவர்கள் வாணிகத்தைத் தங்கள் கும்பினியின் பிடிக்குள் இறுக்கிக்கொண்டதால், சிட்டிகளின் பழைய கடல் வணிகம் மெல்லத் தளர்ந்தது. பலர் நகரத்தை விட்டுக் காஜா பெராங் பக்கம் சென்று உழவுத் தொழிலை மேற்கொண்டனர், சிலர் பொற்கொல்லராயினர். தொழில் போயிற்று, தொழிலைக் குறித்த பெயர் மட்டும் போகவில்லை. ஏர் பிடித்தவரும் ‘சிட்டி’ என்றே அழைக்கப்பட்டார்.

டச்சு அரசு வழங்கிய நிலத்தில் 1781இல் எழுந்தது ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். நிலத்தைப் பெற்றவர் சமூகத் தலைவராகிய தெய்வநாயகம் சிட்டி. மலாக்காவுக்குச் சுற்றுலா செல்லும் நம் பெற்றோர்கள் ஜோங்கர் தெருவோடு திரும்பிவிடாமல் துக்காங் எமாஸ் தெருவுக்கும் போய்வர வேண்டும். கோயிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலும், செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

மொழி எப்போது போயிற்று? அதற்கு ஒரு நாள், ஒரு ஆண்டு என்று குறிக்க முடியாது. தாய் பேசியது மலாய், சந்தையில் பேசியது மலாய், தமிழகத்திலிருந்து வரும் கப்பல்கள் குறைந்தன, பள்ளிக்கூடம் இல்லை. இவ்வளவு போதும். சிட்டிகள் இன்று வீட்டில் பேசும் மலாய் தனி வகையைச் சேர்ந்தது; தமிழ்ச் சொற்கள் அதில் ஆங்காங்கே தங்கியிருக்கின்றன. ஆடவர் தலையில் கட்டும் துணிக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘தலப்பா’. பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா. ஆனால் கும்பிடும் தெய்வங்கள் விநாயகரும் மாரியம்மனும். மாரியம்மன் திருவிழாவுக்கு மலாயில் ‘டத்தோ சச்சார்’ விழா என்று பெயர். சச்சார் என்றால் அம்மை நோய். பொங்கலுக்கு முதல் நாள், போகியன்று, முன்னோர்க்கு அவர்கள் விரும்பிய உணவு வகைகளை வாழையிலையில் இட்டு வழிபடுகிறார்கள். அதனைப் ‘பரச்சு’ என்பர். பழங்கள் மிகும் பருவத்தில் பழங்களைப் படைத்து இன்னொரு பரச்சு. நம் வீட்டுப் படையலை அறிந்த எவரும் அதைக் கண்டதும் இனங்கண்டு கொள்வர். இலையில் இருப்பது நாசி லெமாக்காக இருக்கலாம், சம்பாலாக இருக்கலாம். யாருக்காக இலை போடப்பட்டது என்பதில் வேறுபாடில்லை.

இப்போது தலைப்பில் கேட்ட வினாவுக்கு வருகிறேன். மலாக்காச் சிட்டிகளின் பெயர்களைப் பார்த்தால் அவற்றின் இறுதியில் பிள்ளை, நாயக்கர், படையாச்சி, முதலியார், ராஜா, சிட்டி என்று பல பின்னொட்டுகள் காணப்படும். தமிழகத்தில் இவை ஒவ்வொன்றும் ஒரு வேலி. ஒரு வீட்டில் பெண் கொடுத்து இன்னொரு வீட்டில் பெண் எடுக்காதபடி பிரித்து நிறுத்திய வேலி. மலாக்காவில் அந்த வேலி நிற்கவில்லை. பிள்ளையும் சிட்டியே, படையாச்சியும் சிட்டியே, நாயக்கரும் சிட்டியே. அனைவரும் ஒரே சமூகமாகி, அச்சமூகம் முழுமைக்கும் ‘சிட்டி’ என்பதே பெயராயிற்று. தாய்நாட்டில் ஒரு பிரிவினரை மட்டும் சுட்டிய சொல், கடல் கடந்ததும் எல்லாரையும் உள்ளடக்கிய சொல்லாக மாறியது. என் அறிவுக்கு எட்டியவரையில், தமிழ்ச் சாதிப் பெயர்களுள் இத்தகைய பேறு பெற்றது மிக அரிது. ஆகவே ஒரு மலாக்காச் சிட்டியிடம் “நீங்கள் செட்டியார் சாதியா?” என்று கேட்பது, அவர்களுடைய ஐந்நூறு ஆண்டு வரலாற்றை அழித்துவிட்டுக் கேட்கும் கேள்வியாகும்.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு. அவர்கள் இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள். செட்டிநாட்டோடு தொடர்பு விடாதவர்கள். மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் கணக்கெழுதிக் கடன் கொடுத்தவர்கள். 1859இல் டேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்தவர்கள். அவர்களுடைய தொழிலால் மலாய் மொழியில் ‘செத்தி’ என்னும் சொல்லுக்கு வட்டிக்குக் கடன் கொடுப்பவர் என்றே பொருள் நிலைத்துவிட்டது. இச்சொல்லும் சிட்டியும் காதில் ஒன்றுபோல விழுவதால், வட்டித் தொழிலோடு என்றுமே தொடர்பில்லாத உழவர்களும் எழுத்தர்களும் அப்பெயரின் நிழலைச் சுமக்க நேர்ந்தது. இதிலும் ஒரு விந்தை உண்டு. சிட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயிலின் நிருவாகம் 1962 முதல் மலாக்கா நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடம் இருந்து வருகிறது.

இப்பெயர் மற்ற நாடுகளில் என்னவாயிற்று என்று பார்த்தால் ஒப்பீடு இன்னும் தெளிவாகும். இலங்கையில் கொழும்புச் செட்டிகள் என்னும் தனிச் சமூகம் உண்டு. அவர்களில் பலர் கிறித்தவர்கள். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி அச்சமூகத்தவரே. ஆங்கிலத்தில் அவர் பெயரின் பின்பகுதி நம் சிட்டியைப் போலவே எழுதப்படுகிறது. தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்து, ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் பெயரில் 1859இல் வெளியிட்டவர் அவர். தமிழாசிரியர்கள் நன்றியோடு நினைக்க வேண்டிய பெயர்.

தென்னாப்பிரிக்காவின் கதை வேறு. 1860 நவம்பர் 16ஆம் நாள் ‘டுருரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களுடன் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரை சென்றவர்கள் ஏறக்குறைய 1 இலட்சத்து 52 ஆயிரம் பேர். அங்கே நாயுடு, பிள்ளை, கவுண்டர், செட்டி முதலியவை அனைத்தும் ஆங்கில முறைப்படி குடும்பப் பெயர்களாக இறுகிவிட்டன. கவுண்டர் என்பது ‘கவெண்டர்’ ஆயிற்று. முதலி ‘மூட்லி’ ஆயிற்று. டர்பனில் செட்டி என்று அழைத்தால் தெருவில் பலர் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே அது மலிந்த பெயர். இங்கே அரிய பெயர். காரணம் எளிது. அங்கே பெயரைப் பதிந்த அரசு, தந்தையின் பெயரை அல்ல, மாறாத ஒரு குடும்பப் பெயரையே எதிர்பார்த்தது. இங்கே ‘இன்னாரின் மகன்’ என்று பதியும் வழக்கம் ஊன்றியதால் தந்தை பெயர் முறை பிழைத்தது.

இன்னொரு காரணமும் உண்டு, அது பெருமைக்குரியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னுள்ள சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டுமென்று தீர்மானித்தது. அவ்வாண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். 1932இல் இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சாதிப் பட்டம் போட்டுக்கொள்வது வெட்கத்துக்குரியது என்னும் எண்ணம் நம் பெற்றோர் தலைமுறைக்குள் ஊறியது இவ்வியக்கத்தால்தான். அது நல்ல காரியம். அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் நாம் பட்டத்தைத் துறந்தது சாதியை ஒழிப்பதற்காக. சிட்டிகளிடமோ, அப்பட்டங்களுக்கிடையே இருந்த வேலி, பட்டத்தைத் துறக்காமலே முன்னரே விழுந்துவிட்டது. ஒரே அளவுகோலை இரு வீட்டுக்கும் வைத்து, “நாங்கள் விட்டுவிட்டோம், நீங்கள் ஏன் விடவில்லை?” என்று கேட்பது பொருந்தாது. அவர்களுக்கு அப்பெயரை விட்டால், தமிழ் மூதாதையரோடு தங்களை இணைக்கும் கயிறுகளில் முக்கியமான ஒன்று அறுந்துவிடும். மொழி இல்லை, ஊர்ப் பெயர் நினைவில் இல்லை, பெயரும் வழிபாடுமே எஞ்சியிருக்கின்றன.

மலேசியாவில் இதே பெயர் வேறொரு சிக்கலைத் தருகிறது. பல நூற்றாண்டுகளாக அம்மண்ணில் வாழ்ந்து, மலாயையே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள், தங்களுக்குப் பூமிபுத்ரா தகுதி வேண்டுமென்று கோரி வந்திருக்கிறார்கள். பெயரைப் பார்த்தால் இந்தியர். பேச்சைக் கேட்டால் மலாய்க்காரர். இங்கே தமிழ் தெரியவில்லை என்று ஒரு குறை, அங்கே பெயர் இந்தியப் பெயராயிருக்கிறது என்று ஒரு குறை.

சிங்கப்பூருக்கு அவர்கள் வந்தது, 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மலாக்கா ஆங்கிலேயர்க்கு மாறி, 1826இல் மலாக்காவும் பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சியின் கீழ் இணைக்கப்பட்ட காலத்தை ஒட்டி. ஆங்கிலமும் மலாயும் அறிந்தவர்களாதலால் அலுவலகங்களில் எழுத்தர்களாக அமர்ந்தனர். பின்னர்க் கலப்பு மணங்களாலும், வேற்றுச் சமயம் தழுவியதாலும், குடும்பங்கள் வெவ்வேறு பேட்டைகளுக்குச் சிதறியதாலும் அடையாளம் மங்கியது. 2008இல் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். 2018 செப்டம்பரில், தேக்கா கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் அவர்களைப் பற்றிய கண்காட்சியைத் திறந்தது. அடுத்த ஆண்டிலும் அது நீடித்தது. என் மாணவர்களில் பலர், சாரோங் கெபாயா அணிந்த பாட்டிமார் மாரியம்மனை வணங்கும் படங்களை வாழ்வில் முதன்முறையாகக் கண்டது அங்கேதான். “இவர்கள் இந்தியரா, மலாய்க்காரரா?” என்று ஒரு சிறுவன் கேட்டான். “தேக்கா என்னும் பெயர் தமிழா, சீனமா?” என்று நான் திருப்பிக் கேட்டேன். ஹொக்கியன் சொல்லைத் தமிழ்ச் சொல்லாக்கி நாள்தோறும் வழங்குகிறவர்கள் நாம்.

இறுதியாக ஆசிரியர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. வருகைப் பதிவேட்டிலோ பரிசுச் சான்றிதழிலோ இப்பெயரைத் தமிழில் எழுத நேர்ந்தால், பிழை திருத்துவதாக எண்ணிக்கொண்டு ‘செட்டி’ என்றோ, மரியாதை சேர்ப்பதாக எண்ணிக்கொண்டு ‘செட்டியார்’ என்றோ எழுதிவிடாதீர்கள். சிவப்பு மையைக் கையில் வைத்திருக்கும் நமக்கு அந்த ஆசை எளிதில் வந்துவிடும். வீட்டில் எப்படி ஒலிக்கிறார்கள் என்று பிள்ளையிடம் ஒருமுறை கேளுங்கள். ‘சிட்டி’ என்றால் சிட்டி என்றே எழுதுங்கள்.